ஒட்டுக் கேட்டவள்

பூத் ஓனர் என்னை எல்லார் முன்னாலும் "மேடம்" என்று கூப்பிட்ட அன்றைக்கே என் வேலை கெட்டிருக்க வேண்டியது. மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில், எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி., லோக்கல் என்று மஞ்சள் போர்டு மாட்டிய கடை. நான் அங்கே சம்பளத்துக்குச் சேர்ந்த பொண்ணு, அவர் முதலாளி. வேலைக்கு வந்தவளைப் பார்த்து எந்த முதலாளி மேடம் என்பான்? கேபினுக்குள் பேசிக்கொண்டிருந்த மாமி ஒருத்தி தலையை வெளியே நீட்டிப் பார்த்தாள். நான் ஏதோ ஜோக் கேட்ட மாதிரி சிரித்துச் சமாளித்தேன். மாமி பில்லைக் கட்டிவிட்டுப் போனதும், "சார், இன்னொரு தடவ மேடம்னு வாயத் தொறந்தீங்க, கடையே இருக்காது" என்றேன். மனுஷன் வெலவெலத்துப் போய், "சரிங்க மேடம்" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் இன்ஸ்பெக்டர் வேட்டி சட்டையில் வந்து, "இந்தப் பொண்ணு நாளைலேர்ந்து உங்க கடையில உக்காரும், உங்க ஆளுன்னு சொல்லிக்குங்க" என்று சொன்னால் ஒரு சின்ன வியாபாரி மாட்டேன் என்றா சொல்லிவிடுவார்?

நான் போலீஸ். சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பொண்ணு. அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். உளவுப் பிரிவுக்கு மஃப்டியில் உட்காரப் பெண் கான்ஸ்டபிள் வேண்டும் என்றபோது இன்ஸ்பெக்டர் எங்கள் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து என் முன்னால் நின்றார். "இவளப் பாத்தா போலீஸ்னு எவனும் சொல்லமாட்டான்" என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டில் போய்ச் சொன்னேன். "இதுல இன்னாடி பெரும?" என்றாள் அம்மா.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. மெட்ராஸில் இலங்கைத் தமிழர் என்றாலே வீடு கொடுக்கப் பயந்தார்கள். கொடுத்தவர்களும் ஸ்டேஷனில் பதிந்த ரசீதைக் காட்டு என்று வாசலிலேயே நிறுத்தினார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் வெளிநாட்டில் யாராவது ஒருவர் இருந்தார், யாருக்கும் வீட்டில் போன் கிடையாது. ஆகவே பூத்துக்கு வந்துதான் தீரவேண்டும். கேபினுக்குள் இருக்கிற போனிலிருந்து ஒரு ஒயரை இழுத்து என் மேஜைக்கு அடியில் இன்னொரு போன் வைத்திருந்தார்கள். அவர்கள் பேசும்போது நான் குனிந்து துடைப்பத்தையோ பேனாவையோ தேடுகிற மாதிரி அந்த ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. கேட்பது, கேட்டதைச் சொல்வது.

குறிப்பாக ஒருத்தரைக் கவனிக்கச் சொல்லியிருந்தார்கள். பாண்டி பஜாரில் ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் செய்கிற கடையில் வேலை பார்த்தார். பூத்துக்கு எதிர்ச் சந்தில் மாடி ரூம். யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வந்தவர். பேட்டரி, ஒயர், சின்னச் சின்ன ஸ்பேர் பார்ட்ஸ் என்று அடிக்கடி வாங்குகிறார், அதெல்லாம் கடல் தாண்டி இயக்கத்துக்குப் போகிறது என்பது எங்கள் டிபார்ட்மென்டின் சந்தேகம். ரேடியோ ரிப்பேர் செய்கிறவன் பேட்டரி வாங்காமல் பெருங்காயமா வாங்குவான் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் கான்ஸ்டபிளுக்குத் தோன்றுவதை யார் கேட்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் குறைவு. அவர் ஞாயிறு காலையில் வந்து கனடாவிலிருந்த அக்காவுக்குப் பேசுவார். "ஓம் அக்கா, நான் சுகமா இருக்கிறன். ஓம், சாப்பிடுறன்" என்று. அக்கா அங்கே எல்லா ஏற்பாடும் செய்துவிட்டாள், இங்கே போலீஸ் தடையில்லை என்று ஒரு பேப்பர் கொடுத்தால் விமானம் ஏறிவிடலாம் என்பதுதான் அவர்கள் பேச்சு முழுவதும். தடையில்லை என்று சொல்ல வேண்டிய போலீஸ் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தது.

வாரா வாரம் இன்ஸ்பெக்டரைக் கபாலி கோயிலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு நிற்பார். மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய நான் அர்ச்சனைக் கூடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "என்னம்மா, பேசினானா?" "பேசினான் சார்." "என்ன பேசினான்?" "சாப்பிட்டேன்னு சொன்னான் சார்." இன்ஸ்பெக்டர் நெற்றியைச் சுருக்குவார். சாப்பாடு என்றால் ஏதாவது சங்கேத வார்த்தையாக இருக்குமோ என்று ஒரு தடவை நிஜமாகவே கேட்டார்.

எப்போது பிடித்துப்போனது என்று தேதி சொல்லத் தெரியவில்லை. நான் கோபக்காரி. நேரம் தாண்டிப் பேசிவிட்டு மீட்டர் தப்பு என்கிறவர்களிடம் சண்டைக்கு நிற்பேன். ஒரு நாள் அப்படி ஒருத்தரிடம் கத்திக்கொண்டிருந்தேன். இவர் வரிசையில் நின்று பார்த்துவிட்டு, அந்த ஆள் போனதும், "மிஷின்லதான் பிழை, அவர்ல இல்லை" என்று சொல்லி, பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மீட்டரைப் பிரித்துச் சரி பண்ணினார். ஓனர் காசு கொடுக்கப் போக, வேண்டாம் என்றார். அந்தக் கைகளையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தில் ஈயப்பற்று கறுப்பாக ஒட்டியிருந்தது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த விரல்களையே நினைத்துக்கொண்டு புரண்டேன். போலீஸ்காரிக்கு வந்த கேடு.

பிறகு மாலையில் வேலை முடிந்து திரும்பும்போது பூத் வாசலில் நிற்க ஆரம்பித்தார். முதலில் "நீங்கள்" என்றுதான் பேசுவார். ஒரு நாள், "என்ன, முகம் வாடிக் கிடக்கு? நீர் சாப்பிடேல்லையோ?" என்றார். எங்கள் குப்பத்தில் புருஷன் பெண்டாட்டியை வாடி போடி என்பான், ஆபீஸில் வாம்மா போம்மா என்பார்கள். என்னை ஒருத்தரும் நீர் என்று சொன்னதில்லை. அவர்கள் பக்கம் ஆண்கள் கட்டிக்கொண்டவளையும் கட்டிக்கொள்ள நினைக்கிறவளையும்தான் அப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு அத்தனை குடும்பங்களின் பேச்சையும் கேட்டவள் நான். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன்.

இதற்கு நடுவில் அம்மா வேறு. அவளுக்கு நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லக் கூடாது, சொல்லவில்லை. ஒரு நாள் கூடையோடு அந்தச் சந்துக்குள்ளேயே வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். நான் கண்ணை உருட்டினேன். பிள்ளைக்குச் சம்பளம் போய்விடும் என்று ஒரு நொடியில் புரிந்துகொண்டு, "இன்னாம்மா, மீனு வோணுமா? வஞ்சிரம் கீது" என்றாள் யாரோ மாதிரி. "வேணாம்மா, போ" என்றேன் நானும். அந்த நேரம் பார்த்து அவர் வந்து சேர்ந்தார். கூடையைப் பார்த்ததும் முகமே மாறிவிட்டது. குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து, இதுக்கு எங்கட பக்கம் வேற பேர் அம்மா என்று பேசி, அரை மணி நேரம் அம்மாவோடு வம்பளந்தார். நான் பில் புக்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.

வீட்டில் அம்மா, "அந்த செலோன் பையன் நல்லவனா கீறான்டி. மீனத் தொட்டுப் பாக்கற கையப் பாத்தாலே தெரியல? கடல்காரப் புள்ள" என்றாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இன்னாடி, மூஞ்சி செவக்குது?" என்றாள்.

ஒரு தடவை அவரோடு ரங்கநாதன் தெருவுக்குப் போனேன். ஊரில் இருக்கிற அம்மாவுக்குப் புடவை எடுக்க வேண்டும், எனக்கு இதெல்லாம் தெரியாது, நீரும் வாரும் என்றார். பின்தொடர்ந்து போனேன் என்று ரிப்போர்ட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். மாம்பலம் ஸ்டேஷன் கூட்டம் மொத்தமும் மேலே வந்து விழுகிற தெரு அது. அவர் எனக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார், யாரும் என்மேல் இடிக்காமல். என்மேல் அவர் கையும் படவில்லை. மாம்பழக் கலரில் ஒரு நூல் புடவையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அந்த வாரம் இன்ஸ்பெக்டரிடம், "தி. நகர்ல துணி வாங்கினான் சார்" என்றேன். "என்ன துணி? பச்சையா? எத்தனை மீட்டர்?" என்றார் பரபரப்பாக. "மாம்பழக் கலர் சார். ஒரு புடவை" என்றேன். சப்பென்று ஆகிவிட்டது அவருக்கு. இன்ஸ்பெக்டர் முன்னால் அவரை "அவன், இவன்" என்று சொல்லும்போதெல்லாம் அர்ச்சனைக் கூடையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த ஞாயிறு அவர் அக்காவிடம் என்னைப் பற்றிப் பேசினார்.

நான் வழக்கம்போலக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "பூத்தில ஒரு பிள்ளை இருக்கிறா அக்கா" என்றார். என் கையிலிருந்த ரிசீவர் மேஜைக் காலில் இடித்தது. "வடிவு எண்டு சொல்லேலாது. ஆனா சிரிக்கேக்க வடிவு. சரியான கோவக்காரி. சனத்தோட எல்லாம் சண்டை பிடிப்பா, என்னோட மட்டும் மெல்லக் கதைப்பா." அக்கா அந்தப் பக்கத்திலிருந்து, "விசர்க்கதை கதையாதை. ஆர் ஆக்கள்? என்ன சமயம்?" என்றாள். "அதெல்லாம் நான் கேக்கேல்லை. நான் அங்க வந்திட்டு அவவையும் கூப்பிடலாமோ எண்டு யோசிக்கிறன்." "பேரென்ன?" என்றாள் அக்கா. அவர் ஒரு பேரைச் சொன்னார். ஆசையாக, மெதுவாகச் சொன்னார். அது டிபார்ட்மென்டில் எனக்கு வைத்துக் கொடுத்த பேர்.

கேபினை விட்டு வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சிரிப்பு வடிவு, அதாவது அழகு, என்று அப்போதுதான் கேட்டிருந்தேன் அல்லவா, இன்னும் கொஞ்சம் நன்றாகவே சிரித்தேன். சீ.

அந்த வாரமே கோயிலில் இன்ஸ்பெக்டர் சொன்னார்: "அவன்கிட்ட ஒண்ணும் இல்ல போலிருக்கும்மா. ஃபைல மூடிடலாம். கனடா போறான்னா போய்த் தொலையட்டும், ஒரு தலைவலி குறையும்." நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒரு மனுஷன் நிரபராதி, போலீஸே சொல்லிவிட்டது, அக்காவிடம் போய்ச் சேரப் போகிறான். ஆனால் அவர் போனால் எனக்கு அவ்வளவுதான். அங்கே போய் என்னைக் கூப்பிடுவாராம். எந்தப் பேருக்கு விசா வாங்குவார்? நான் யார் என்று தெரிந்தால் முகத்தில் காறித் துப்ப மாட்டாரா? இருக்கிற வரைக்கும், மாலையில் வாசலில் வந்து நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எனக்குக் கிடைக்கும், வேறு எதுவும் கிடைக்காது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தை விட எனக்கு மனசு வரவில்லை.

"அவசரப்படாதீங்க சார்" என்றேன். "ஏதோ இருக்கு. போன்ல ஒளிச்சு ஒளிச்சுப் பேசறான்."

"அப்படியா?" என்று நிமிர்ந்தார். "பாத்தியா, பொம்பளைங்களுக்குத்தான் மோப்பம் ஜாஸ்தி. விடாதே."

அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றைச் சொன்னேன். பெரிய பொய் எதுவும் இல்லை. யாரோ தெரியாத ஆள் வந்து பேசிவிட்டுப் போனான், கேபினுக்குள் குரலைத் தாழ்த்தினான், இப்படி. ஃபைல் மூடப்படவில்லை. பேப்பர் கிடைக்கவில்லை. அவர் லீவு போட்டுவிட்டுக் கமிஷனர் ஆபீஸுக்கு நடையாய் நடந்தார். நாளைக்கு வா என்பார்கள், ஐயா இல்லை என்பார்கள். திரும்பி வந்து பூத் வாசலில் உட்கார்ந்து, "என்னில என்ன பிழை எண்டு ஒருக்காச் சொன்னாலும் பரவாயில்லை" என்பார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுப்பேன். "அவனுங்க அப்படித்தாங்க, கட்டையில போறவனுங்க" என்று போலீஸைத் திட்டுவேன். என் கோபத்தைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்துவிடும். இப்போதும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. அவரைக் கட்டிப் போட்டுவிட்டு, கட்டு வலிக்கிறதா என்று தடவிக் கொடுத்தேன்.

அப்புறம் ஊரிலிருந்த அவர் தம்பி செத்துப்போனான்.

அது ஞாயிற்றுக்கிழமை இல்லை. அக்காவே பூத் நம்பருக்குக் கூப்பிட்டு அவரை வரச் சொன்னாள். ஓனர் ஓடிப்போய் மாடி ரூமிலிருந்து கூட்டி வந்தார். நான் குனிந்தேன். அக்கா அழுதுகொண்டே சொன்னாள். ஊரில் சனங்கள் கடலேரியைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறார்களாம், பள்ளிக்கூடத்தை முடித்த தம்பியும் கிளம்பினானாம், வள்ளம் கவிழ்ந்துவிட்டதாம். மூன்று நாள் கழித்துத்தான் உடம்பு கிடைத்ததாம். அவர் மூச்சு மட்டும் என் காதில் கேட்டது.

வெளியே வந்து, "கொஞ்சம் தண்ணி தாரும்" என்றார். எனக்கு எல்லாம் தெரியும். எதுவுமே தெரியாத மாதிரி, "என்னங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டேன். அவர் முதலிலிருந்து எனக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. வள்ளம், கடலேரி, மூன்று நாள், எல்லாவற்றையும் தன் வாயால் சொன்னார். அந்தக் கொடுமையையும் நான்தான் பண்ணினேன்.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. யார் இறந்தாலும், கிழவியோ குழந்தையோ, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று காரியம் செய்வார்கள். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். முதல் பக்கத்தில் இறந்தவரின் படம், அப்புறம் தேவாரம், அம்மா புலம்பல், அக்கா புலம்பல், கூடப் படித்தவர்களின் பாட்டு. நம்மூரில் கண்ணீர் அஞ்சலி என்று சுவரில் போஸ்டர் ஒட்டுவோமே, அந்த மாதிரி அவர்களுக்கு இது. அம்மாவால் அங்கே தனியாக ஒன்றும் ஏலாது, நானே இங்கே கபாலி கோயில் குளக்கரையில் செய்துவிடுகிறேன், புத்தகமும் அடித்துவிடுகிறேன் என்றார். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தம்பிக்கு எழுதினதை என்னிடம் வாசித்துக் காட்டினார். பாதியில் நிறுத்திவிட்டார்.

படம்தான் கிடைக்கவில்லை. கடைசியில் தம்பியின் கூட்டாளி ஒருவனிடமிருந்து ஒன்று வந்தது. அரைக்கை காக்கிச் சட்டை, கழுத்தில் ஸ்கார்ஃப், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு பையன். "பள்ளிக்கூடத்தில சாரணர் படையில இருந்தவன். இந்த உடுப்பைப் போட்டால் பெரிய ஆள் எண்டு நினைப்பு" என்றார். எங்கள் சாந்தோம் பள்ளிக்கூடத்திலும் சாரணர் உண்டு. இதே ஸ்கார்ஃப். நான் பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன்.

அந்த வாரம் இன்ஸ்பெக்டர் கோபமாக இருந்தார். "என்னம்மா, மாசக்கணக்கா ஏதோ இருக்குங்கிறே, ஒண்ணும் கையில வரல. மேல கேக்கறாங்க. இந்த வெள்ளிக்கிழமையோட மூடிட்டு அவனுக்குப் பேப்பரக் குடுத்து அனுப்பப் போறேன்" என்றார்.

தம்பி செத்து, அம்மா தனியாகி, அவர் உடைந்து போயிருந்த நேரம். அக்காவிடம் போனால் ஒரு ஆறுதலாவது இருந்திருக்கும். எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை என்றதும் எனக்கு வேறொன்றும் தெரியவில்லை.

"செத்துப்போன ஒருத்தனப் பத்திப் புத்தகம் அடிக்கறான் சார். மைலாப்பூர்ல ஒரு பிரஸ்ல குடுத்திருக்கான். காக்கி உடுப்புல ஒரு பையன் படம் போட்டிருக்கு" என்றேன்.

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. தம்பி என்று சொல்லவில்லை. சாரணர் என்று சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நாள் கவனிக்கச் சொல்வார்கள், இன்னும் கொஞ்ச நாள் வாசலில் வந்து நிற்பார், அப்புறம் நானே எல்லாவற்றையும் சொல்லிச் சரிபண்ணிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கவனிக்க மட்டும் சொல்வார்கள் என்று எந்தப் போலீஸ்காரியாவது நம்புவாளா? நான் நம்பினேன்.

மறுநாளே பிரஸ்ஸில் புகுந்து புத்தகத்தை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். இறந்துபோன தீவிரவாதிக்கு வீரவணக்கப் புத்தகம் என்று எழுதிவிட்டார்கள். இங்கே இருக்கிற அதிகாரி எவனுக்கு அந்தியேட்டி தெரியும்? அவரைப் பாண்டி பஜார் கடையிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். முப்பத்தோராம் நாள் வந்தபோது அவர் லாக்கப்பில் இருந்தார். தம்பிக்கு யாரும் ஒன்றும் செய்யவில்லை. பிறகு இலங்கைக்காரர்களை அடைத்துவைக்கிற முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். அக்கா அங்கிருந்து வக்கீல் வைத்து, யார் யார் காலையோ பிடித்து, அவரை வெளியே எடுத்து விமானம் ஏற்ற ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதெல்லாம் எனக்கு ஃபைலைப் பார்த்துத்தான் தெரியும். பூத்தைவிட்டு என்னை எடுத்துவிட்டார்கள். "அந்த செலோன் பையன் இன்னா ஆனான்?" என்று அம்மா ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஊருக்குப் போயிட்டாம்மா" என்றேன். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவேன், கோபம், பொறாமை, பொய் என்று மேலோட்டமாக எதையாவது சொல்லிவிட்டு எழுந்து வருவேன்.

அவரைப் பிடித்த மறுநாள் நடந்ததைத்தான் சாமியாரிடமும் சொன்னதில்லை.

அடையாறு பக்கம் எங்கள் பிரிவுக்கு ஒரு பழைய வீடு இருந்தது. மத்தியானம் என்னை அங்கே வரச் சொன்னார்கள். போனேன். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு, அதற்குப் பக்கத்தில் சாத்தின கதவு. உள்ளே விசாரணை. ஒட்டுக் கேட்க அங்கே எந்தப் போனும் தேவைப்படவில்லை.

"இங்க உனக்கு யாரு யாரு உதவி?" இது இன்ஸ்பெக்டர் குரல்.

"ஒருத்தரும் இல்லை ஐயா. தம்பியின்ர அந்தியேட்டிக்கு அடிச்சது. அவன் சாரணர் ஐயா."

"சாரணனாம். அந்த பூத்துல ஒரு பொண்ணு இருக்காளே, அவகிட்ட என்ன பேசுவ? அவதான உனக்குச் சேதி வாங்கித் தர்றா?"



"அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியாது ஐயா. காசு குடுத்துக் கதைச்சிட்டு வருவன், அவ்வளவுதான்."

அறை விழுந்த சத்தம் கேட்டது. கேள்வி திரும்ப வந்தது. அவர் திரும்பவும் தெரியாது என்றார். இன்னொரு அறை. தெரியாது என்றார்.

கதவைத் திறந்துகொண்டு இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "பலே வேல பாத்திருக்கம்மா. இன்னும் உன்னச் சந்தேகப்படல. ஊரையே சொன்னாலும் உன்ன மட்டும் காட்டிக் குடுக்க மாட்டான் போலிருக்கு" என்றார். "நீ உள்ள வந்து சும்மா ஒரு நிமிஷம் நில்லு. நீ யாருன்னு தெரிஞ்சாப் போதும், பொட்டுன்னு உடைஞ்சிடுவான்."

உள்ளே போய், சார், அது ஸ்கூல் பையன் போடுற சாரணர் டிரெஸ், எனக்கு முன்னாடியே தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என் வேலை போயிருக்கும். அவர் வீட்டுக்குப் போயிருப்பார். வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் துணிச்சல்கூட வந்தது. ஆனால் அதைச் சொல்ல அவர் முன்னால் போய் நிற்க வேண்டும், அவர் என்னைப் பார்ப்பார். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

கதவு முழுதாகச் சாத்தவில்லை. உள்ளே அவர் வேறு யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிக்காதேங்கோ ஐயா. கலியாணம் கட்டுற வயசு. போலீஸுக்குப் போய் வந்தவ எண்டு தெரிஞ்சால் நாளைக்கு அவவை ஆர் கட்டுவினம்? என்னை என்ன வேணுமெண்டாலும் செய்யுங்கோ."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, "வா" என்றார்.

"தலைவலி சார்" என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போனேன்.